திருக்கார்த்திகை விளக்கீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்து மழை சற்று ஓய்ந்ததும் சந்தையில் அகல் குவியும், கூடவே சந்தேகங்களும் குவியும். எந்த நாள், எத்தனை விளக்கு, எந்த எண்ணெய், அணைந்தால் என்ன ஆகும் என்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். வழக்கம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதும் இதுவும் வேறுபட்டால் பெரியவர் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கார்த்திகை எந்த நாளில் வரும்?

கார்த்திகை மாதத்தில், விளக்கேற்றும் வேளையில் கிருத்திகை நட்சத்திரம் இருக்கும் நாள். பெரும்பாலும் அன்றோ அதை ஒட்டியோ பௌர்ணமியும் இருக்கும். இது தற்செயல் இல்லை. கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிக ராசியில் இருப்பார். முழு நிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். விருச்சிகத்துக்கு நேர் எதிர் ரிஷபம். கிருத்திகையின் முதல் பாதம் மேஷத்தில் இருந்தாலும் மற்ற மூன்று பாதங்களும் ரிஷபத்தில்தான். அதனால்தான் அந்த மாதத்து நிலா நிறைவது கார்த்திகை மீன்கூட்டத்தின் பக்கத்தில்.

நிலா நட்சத்திரங்களை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளுக்குச் சற்றே கூடுதலாகும். எனவே சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் இரண்டு கிருத்திகை வந்துவிடும். அப்போது பௌர்ணமியோடு சேர்ந்ததே தீபத்திருநாள், மற்றது மாதக் கிருத்திகை. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும்: 2021இல் நவம்பர் 19, 2022இல் டிசம்பர் 6, 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13, 2025இல் டிசம்பர் 3.

காலண்டரில் மூன்று நான்கு தீபம் போட்டிருக்கிறதே, எங்கள் வீட்டுக்கு எது?

பரணி தீபம் என்பது கிருத்திகைக்கு முந்திய பரணி நட்சத்திரத்தில் ஏற்றுவது. பரணிக்கு அதிதேவதை யமன். மறைந்தவர்களின் வழியில் இருள் அகலட்டும் என்ற வேண்டுதலோடு முதல் நாள் மாலை ஐந்து விளக்காவது வைப்பது பல வீடுகளில் உண்டு. அண்ணாமலையார் தீபம் கிருத்திகை அன்று. சைவ வீடுகளுக்கும் பொதுவாக எல்லாருக்கும் இதுதான் பெரிய கார்த்திகை. விஷ்ணு தீபம் அல்லது பாஞ்சராத்திர தீபம் என்று அச்சிட்டிருப்பது பாஞ்சராத்திர ஆகமப்படி பூசை நடக்கும் பெருமாள் கோயில்களுக்கு. அது பெரும்பாலும் மறுநாள் வரும். சர்வாலய தீபம் என்பது எல்லாக் கோயில்களிலும் ஏற்றுவது.

இவற்றுக்குப் பின்னால் வருவது குப்பைக் கார்த்திகை. பெரிய கார்த்திகைக்கு அடுத்து, மாட்டுத் தொழுவம், எருக்குழி, குப்பைமேடு, களத்துமேடு ஆகிய இடங்களில் விளக்கு வைக்கும் நாள். நகரத்தில் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் இந்தப் பண்டிகையின் கருத்தைப் புரிந்துகொள்ள அண்ணாமலை தீபத்துக்கு அடுத்து இந்தக் குப்பைமேட்டு விளக்கைத்தான் பார்க்கவேண்டும்.

அப்படி என்ன கருத்து?

தினமும் ஏற்றும் விளக்கு வீட்டுக்குள் இருக்கும், சாமிக்கு முன்னால். கார்த்திகை விளக்கு வாசலில், தெருவைப் பார்த்து இருக்கும். பார்ப்பவர் எல்லாருக்குமாக வைக்கிற விளக்கு அது. 'விளக்கீடு' என்ற பழைய சொல்லிலேயே, ஈதல் என்பதன் 'ஈ' ஒலிப்பதுபோல் தோன்றும். இடுதல் என்பதுதான் 'ஈடு' என்பதன் நேர்ப்பொருள், ஆனால் இட்டுவிட்டு வருவதும் ஒருவகைக் கொடைதான்.

தீபம் ஏற்றும்போது சொல்லும் வடமொழிச் சுலோகம் ஒன்று 'கீடா: பதங்கா:' என்று தொடங்கும். புழுக்களும் பறவைகளும் கொசுக்களும் மரங்களும், நீரிலும் நிலத்திலும் வாழ்கிற எந்த உயிரானாலும், எந்தக் குலத்தில் பிறந்த மனிதரானாலும், இந்த ஒளியைப் பார்த்தால் பிறவித் தளையிலிருந்து விடுபடட்டும் என்பது அதன் பொருள். பார்த்தால் போதும். மந்திரம் தெரியவேண்டாம், விரதம் இருக்கவேண்டாம், கொசுவாக இருந்தாலும் பரவாயில்லை. மலை உச்சியில் ஏற்றுவதும், கோயில் வாசலில் பனையையே கொளுத்துவதும், குப்பைமேட்டில் ஒரு அகல் வைப்பதும் இந்த ஒரே எண்ணத்தின் மூன்று அளவுகள்.

புராணம் என்று பார்த்தால் மூன்று கதைகள் இங்கே கூடுகின்றன. பிரமனும் திருமாலும் யார் பெரியவர் என்று வாதிட, சிவன் அடிமுடி தெரியாத தீப்பிழம்பாக நின்றது ஒன்று. திருமால் வராகமாக அடியைத் தேடி முடியாமல் ஒப்புக்கொண்டார். அன்னமாகப் பறந்த பிரமன் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார். சிவபூசையில் தாழம்பூ சேராததற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். இரண்டாவது, சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாக இருந்த முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவரும் வானத்தில் மீன்களானது. மூன்றாவது, சிவன் முப்புரம் எரித்தது. இவை எல்லாவற்றிலும் நெருப்பு இருக்கிறது. கிருத்திகை நட்சத்திரத்தின் அதிதேவதையும் அக்கினிதான்.

வடநாட்டுக் கார்த்திக் பூர்ணிமாவும் இதுவும் ஒன்றா?

பெயர் ஒன்று, கணக்கு வேறு. அங்கே மாதம் நிலவை வைத்து, இங்கே சூரியனை வைத்து. 2025இல் காசியில் தேவ தீபாவளி நவம்பர் 5ஆம் தேதி. நமக்குத் திருக்கார்த்திகை டிசம்பர் 3. சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே பௌர்ணமியில் சேரும்.

எத்தனை விளக்கு? எங்கெங்கே?

27 நட்சத்திரத்துக்கு 27 என்பது பலரும் பின்பற்றும் எண்ணிக்கை. முடியாதவர்கள் 9, அதுவும் முடியாவிட்டால் வாசலில் இரண்டு. எண்ணிக்கை குறைந்ததால் குறை ஒன்றும் இல்லை. உள்ளே 27 வைத்து வாசலை இருட்டாக விடுவதுதான் குறை.

வரிசை இப்படி: முதலில் பூசையறையில் குத்துவிளக்கு. அதிலிருந்து ஒரு அகலை ஏற்றி, அந்தச் சுடரால் மற்றவை. வாசற்படியின் இருபுறம், கோலத்தின் நடுவிலும் ஓரங்களிலும், திண்ணை, மாடம், துளசி மாடம், சமையலறை, கிணறு அல்லது தண்ணீர்த் தொட்டி அருகே, பின்கட்டு, மாடிப்படி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். தொழுவம் இருந்தால் அங்கேயும் வைக்கலாம், ஆனால் வைக்கோலிலிருந்து தள்ளி, மாடு காலால் தட்டாத உயரத்தில். குப்பைத் தொட்டி பக்கத்தில் ஒன்று வைக்கத் தயங்க வேண்டாம்.

நேரம், சூரியன் மறைந்தபின். திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றுவதை ஒட்டி வீட்டிலும் ஏற்றுவது இப்போது பரவலான வழக்கம். தொலைக்காட்சி நேரலை வருமுன்பே, மலை கண்ணுக்குத் தெரிகிற ஊர்களில் அந்தச் சுடரைப் பார்த்துக் கும்பிட்ட பிறகே வீட்டு விளக்கை ஏற்றுவார்கள்.

புது அகல் எண்ணெயைக் குடித்துவிடுகிறதே?

சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு; அவை நிறையும் வரை எண்ணெய் இறங்கத்தான் செய்யும். முதல் நாள் இரவே அகல்களை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கப் போடுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். காலையில் எடுத்து, உள்ளே படிந்த மண் தூசியைத் தேய்த்துக் கழுவி, துடைத்து நிழலில் கவிழ்த்து வையுங்கள். மேல் ஈரம் போனால் போதும். நாள் கணக்கில் வெயிலில் காயவைத்தால் துளைகள் மறுபடி திறந்து, ஊறப்போட்ட வேலை வீணாகும். அதற்காக ஈரத்தோடு எண்ணெய் ஊற்றக்கூடாது. திரி படபடவென்று வெடித்து அணையும்.

வாங்கும்போது ஒவ்வொன்றையும் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். அடி ஆடினால் வேண்டாம். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் விரிசலோ அரைவேக்காடோ. உள்புறம் வரை வண்ணம் பூசியதை ஏற்றுவதற்கு வாங்காதீர்கள், சூட்டில் வண்ணம் உரிந்து நாறும். போன வருட அகல் இருந்தால் அதுதான் அருமை. பழைய எண்ணெய் துளைகளை அடைத்திருப்பதால் கசியாது.

என்ன எண்ணெய், எவ்வளவு, எப்படித் திரி?

நல்லெண்ணெய் போதும். நெய் சிறப்பு, ஆனால் 27 விளக்குக்கும் நெய் ஊற்றுவது எல்லாராலும் ஆகாது. பூசையறை விளக்குக்கு மட்டும் நெய் விட்டு மற்றதற்கு நல்லெண்ணெய் விடலாம். இலுப்பை எண்ணெய் கிடைத்தால் மிக நல்லது, முன்பு கோயில் விளக்குகளே அதில்தான் எரிந்தன. விளக்கெண்ணெய் கெட்டியானது, திரியில் மெதுவாக ஏறும். அதைத் தனியாக விடுவதைவிட நல்லெண்ணெயோடு கலந்தால் சுடர் நிதானமாக நிற்கும். கடலை எண்ணெயை விளக்குக்கு விடுவதில்லை என்பது பழைய வழக்கம். 'தீப எண்ணெய்' என்று வரும் பாட்டில்களின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள். சமையலுக்கு ஆகாது என்று அச்சிட்டிருக்கும். வாசம் சேர்த்த கலவை எண்ணெய்கள் அவை.

நடுத்தர அகல் ஒன்றுக்கு சுமார் 15 மில்லி பிடிக்கும். 27 அகலுக்கு 400 மில்லி, சிந்துவதும் உறிஞ்சுவதும் சேர்த்து அரை லிட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். மெல்லிய திரியானால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எரியும்.

பஞ்சுத் திரியை ஒற்றையாகப் போடாமல் இரண்டைச் சேர்த்து முறுக்குங்கள். திரி முழுவதையும் முதலில் எண்ணெயில் நனைத்து எடுத்து, பிறகு அகலில் கிடத்தி, நுனி மூக்கிலிருந்து குன்றிமணி அளவு மட்டும் வெளியே தெரியும்படி இழுங்கள். அதற்கு மேல் நீண்டால் கரும்புகை வரும், அகலின் மூக்கும் கருகும். நுனியில் துளி கற்பூரப் பொடி வைத்தால் ஒரே தொடுதலில் பற்றும். எண்ணெயை விளிம்பு வரை ஊற்றவேண்டாம். திரி மூழ்கி அணைவதற்கும், சுவரில் எண்ணெய் வழிவதற்கும் காரணம் அதுதான்.

காற்றில் அணைந்தால் அபசகுனமா?

இல்லை. கார்த்திகை மழையும் காற்றுமான மாதம், திறந்த வாசலில் வைத்த விளக்கு அணையாமல் இருந்தால்தான் அதிசயம். மறுபடி ஏற்றுங்கள். அடிக்கடி அணைந்தால் காரணம் எண்ணெயின் ஈரம், மூழ்கிய திரி, அல்லது வைத்த இடம். காற்று வரும் திசைக்கு அகலின் மூக்கைக் காட்டாமல் திருப்பி வைத்தாலே பாதி சரியாகும். வேண்டுமென்று வாயால் ஊதி அணைப்பதைத்தான் பெரியவர்கள் தடுப்பார்கள். பூவால் ஒற்றி அணைக்கலாம், அல்லது திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடலாம். இதைக் 'குளிரவைத்தல்' என்பார்கள், 'அணைத்தல்' என்று சொல்லமாட்டார்கள்.

அடுக்குமாடி வீட்டில் என்ன செய்வது?

வீட்டுக் கதவுக்கு வெளியே இரண்டு, பால்கனியில் உள்பக்கத் தரையில் மற்றவை. கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள், காற்றுக்கு ஒன்று விழுந்தால் கீழ் வீட்டில் காயும் துணி பற்றிக்கொள்ளும். அன்றைக்குக் கொடியில் துணி இருக்கக்கூடாது, திரைச்சீலையை முடிச்சுப் போட்டுக் கட்டிவிடவேண்டும். மாடிப்படியில் வைத்தால் சுவர் ஓரமாக, ஏறி இறங்குபவரின் சேலையும் வேட்டியும் படாத பக்கம். வண்டி நிறுத்துமிடத்தில் பெட்ரோல் வண்டிகளுக்கு இடையே வைப்பதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். குழந்தைகளுக்கு அன்று நைலான், பட்டுப்பாவாடை இரண்டும் வேண்டாம், பருத்தியே நல்லது.

சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மாவு, பற்பசை, மை எதுவும் தடவாதீர்கள்.

வெறும் தரையில் வைத்தால் எண்ணெய்க் கறை படியும். அடியில் ஆலிலையோ வெற்றிலையோ சின்ன மண் தட்டோ வையுங்கள். மின்சார அகல் வைக்கலாமா என்றால், அலங்காரத்துக்குத் தாராளமாக வைக்கலாம். ஒரு அகலாவது உண்மையான சுடராக இருக்கட்டும்.

விரதம் எப்படி?

பரணி அன்று பகலில் ஒருவேளை உணவு. கிருத்திகை அன்று உபவாசம். முடியாதவர்கள் பால், பழம். மாலையில் விளக்கேற்றி முருகனையும் சிவனையும் வணங்கி நைவேத்தியம். மறுநாள் ரோகிணியில் காலையில் நீராடி, பாரணை, அதாவது விரதம் முடித்து உண்பது. மாதக் கிருத்திகை விரதம் எடுக்க நினைப்பவர்கள் இந்த நாளில் தொடங்குவது வழக்கம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முழு உபவாசம் இருக்கவேண்டியதில்லை.

பல வீடுகளில் பெண்கள் உடன்பிறந்தான் நலத்துக்காக வேண்டிக்கொள்வதும், பிறந்த வீட்டிலிருந்து கார்த்திகைச் சீர் வருவதும் இதோடு சேர்ந்தது.

பொரி உருண்டை சரியாக வருவதே இல்லை, எங்கே தவறு?

ஏறக்குறைய எப்போதும் பாகில். அளவைச் சொல்லிவிட்டு அதற்கு வருவோம்.

நெல்பொரி 8 கப். அவல்பொரியிலும் செய்யலாம், ஆனால் கார்த்திகைக்கென்று விசேஷம் நெல்பொரிதான். அதில் உமி ஒட்டியிருக்கும். முறத்தில் புடைத்து, பின் கையால் ஒருமுறை பொறுக்கவேண்டும். இந்த வேலைக்குச் சோம்பினால் சாப்பிடும்போது தொண்டையில் குத்தும். பாகு வெல்லம் ஒன்றரைக் கப், தண்ணீர் அரை கப். பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் கால் கப், நெய்யில் சிவக்க வறுத்தது. பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி. ஏலப்பொடி, சுக்குப்பொடி அரை அரைத் தேக்கரண்டி.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மண் போன பிறகு அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். நுரைத்துப் பொங்கி அடங்கும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டுத் திரட்டிப் பாருங்கள். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. திரண்டும் மெத்தென்று இருந்தால் அது கொழுக்கட்டைப் பூரணத்துக்கு ஆகும், பொரிக்கு ஆகாது. திரட்டிய உருண்டையைத் தட்டில் எறிந்தால் 'டங்' என்று சத்தம் வரவேண்டும். அந்த நொடி அடுப்பை அணைத்து, ஏலம், சுக்கு, தேங்காய், பொட்டுக்கடலை போட்டுப் பொரியைக் கொட்டிக் கிளறுங்கள். கைக்கு அரிசி மாவு தொட்டுக்கொண்டு, சூடு தாங்கும் அளவு ஆறியதும் பிடிக்கவேண்டும். முதலில் லேசாக உருட்டி எல்லாவற்றையும் தாம்பாளத்தில் போட்டுவிட்டு, பிறகு இரண்டாம் முறை ஒவ்வொன்றாக எடுத்து இறுக்குங்கள். ஒவ்வொன்றையும் முதலிலேயே அழகாகப் பிடித்துக்கொண்டிருந்தால் மிச்சம் பாத்திரத்திலேயே கல்லாகிவிடும். அப்படி ஆனால் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகும்.

பொரி நமுத்துப் போனால் பாகு இளசு. உருண்டை பிடிபடாமல் உதிர்ந்தால் பாகு குறைவு அல்லது ஆறவிட்டது. கசந்தால் பாகு முறுகிவிட்டது. அதற்கு மருந்து இல்லை. மழை நாளில் பொரியே முன்கூட்டி நமுத்திருக்கும், வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டிக்கொள்ளுங்கள்.

வேறு என்ன நைவேத்தியம்?

அப்பம், அடை, வடை, பாயசம், எள்ளுருண்டை, கடலை உருண்டை, மாவிளக்கு, வள்ளிக்கிழங்கு என்று வீட்டுக்கு வீடு மாறும். அப்பம் எண்ணெயில் பிரிந்து கலைந்தால் வெல்லம் கூடிவிட்டது என்று பொருள். ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்து, கால் மணி நேரம் விட்டு ஊற்றுங்கள்.

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்தில் அன்றைக்கு ராஜா பனையோலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, வறுத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம் சேர்த்துப் பிசைந்து, பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் அடைத்து, ஓலை நாராலேயே கட்டி வேகவைப்பது. ஓலை முற்றலாக இருந்தால் மடிக்கும்போது கிழியும், வாசமும் இறங்காது. பிரித்துச் சாப்பிடும்போது ஓலையின் வரி கொழுக்கட்டையில் பதிந்திருக்கும். இதை இட்லித் தட்டில் வேகவைத்தால் வெறும் இனிப்புக் கொழுக்கட்டைதான்.

சொக்கப்பனை என்றால் என்ன?

கோயில் முன்னால் ஒரு பனந்துண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளைக் கூம்பாகக் கட்டி, இரவு தீபாராதனை முடிந்து சுவாமி புறப்பாடாகி எதிரே வந்து நின்றதும் கொளுத்துவது. சிவன் கோயில், முருகன் கோயில், பெருமாள் கோயில் மூன்றிலும் உண்டு. சிவன் கோயிலில் தீத்தூணாக நின்ற பெருமானின் வடிவம் என்றும், முப்புரம் எரிந்த நினைவு என்றும் சொல்வார்கள். எரிந்து முடிந்ததும் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்வதும், கரிந்த துண்டை வயலில் ஊன்றுவதும் உழவர் வழக்கம்.

கெடுவது பெரும்பாலும் மழையால். ஓலை நனைந்தால் புகையும், பாதியில் நிற்கும். கட்டிவிட்டால் தார்ப்பாயால் மூடி, கொளுத்துமுன் எடுக்கவேண்டும். மின்கம்பியும் கூரையும் பக்கத்தில் இல்லாத இடம் பார்த்தே நடவேண்டும். கட்டு அறுந்து பனை சாய்ந்தால் விழும் தூரத்துக்கு அப்பால்தான் கூட்டம் நிற்கவேண்டும். இதற்காகப் பச்சைப் பனையை வெட்டவேண்டாம். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. பட்டுப்போன மரத்தின் துண்டு கிடைத்தால் அதுவே நன்றாக எரியும்.

மாவளி சுற்றுவது எப்படி?

பட்டாசு வருமுன் பிள்ளைகளின் மத்தாப்பு இதுதான். ஆண்பனையின் பூக்காம்பைக் காயவைத்து, குழியில் போட்டு எரிக்கவேண்டும். நன்றாகத் தணலானதும், சாம்பலாவதற்குள் மண்ணைத் தள்ளி மூடவேண்டும். மறுநாள் தோண்டினால் கரி. அதை இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் வைத்து விரல் பருமனுக்குச் சுருட்டி, நூலால் இடைவெளி விட்டு இறுக்கிக் கட்டுவார்கள். பச்சைப் பனைமட்டையை நுனியில் மூன்றாகப் பிளந்து அதன் நடுவே இந்தத் திரியைச் செருகிக் கட்டி, மறுமுனையில் கயிறு. மேலே ஒரு தணல் துண்டு வைத்து ஊதி, பற்றியதும் கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ சுழற்றினால் பொன்பொறி வட்டமாகக் கொட்டும். 'மாவளியோ மாவளி' என்று கூவிக்கொண்டே சுற்றுவார்கள். மாவலி மன்னனின் பெயர் அது என்பது மக்கள் சொல்லும் விளக்கம்.

பொறி வராவிட்டால் கரி சாம்பலாகிவிட்டது. ஒரேயடியாகப் பற்றி எரிந்தால் கட்டு தளர்ந்தது. நைலான் கலந்த துணி கூடவே கூடாது, உருகி ஒட்டும். திறந்த மைதானத்தில், ஒருவருக்கொருவர் இரண்டு கயிற்று நீளமாவது விட்டு நிற்கவேண்டும்.

திருவண்ணாமலையில் என்ன நடக்கிறது?

துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் உற்சவங்கள் முடிந்து கொடியேறினால் பத்து நாள் விழா. ஏழாம் நாள் தேர். பத்தாம் நாள் விடியற்காலை 4 மணிக்குக் கருவறை முன் பரணி தீபம்: ஒரு சுடரிலிருந்து ஐந்து அகல். ஒன்று பலவாகிறது. அன்று மாலை அந்த ஐந்தும் சேர்ந்து ஒன்றாகும். ஏகன் அநேகனாகி மீண்டும் ஏகனாவதை விளக்கச் சொற்பொழிவு தேவையில்லை, விளக்கே காட்டிவிடுகிறது. மாலையில் அர்த்தநாரீசுவரர் ஆண்டுக்கு ஒருமுறை, ஓரிரு நிமிடம் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அதே நேரம் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம்.

செப்புக் கொப்பரையை முன்னதாகவே மலைமேல் சுமந்து கொண்டுபோவார்கள். 3,500 கிலோ நெய், ஆயிரம் மீட்டர் காடாத் துணி என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. அண்மையில் நெய் 4,500 கிலோவாகவும் உயர்ந்திருக்கிறது. ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. தீபம் 11 நாள் எரியும். கொப்பரையில் படிந்த மை, மார்கழித் திருவாதிரையில் நடராசருக்குச் சாத்தியபின் பிரசாதமாகத் தரப்படும்.

போகிறவர்கள் கவனிக்க: கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், சாதாரண நடையில் நான்கு மணி நேரமாவது ஆகும், கூட்டத்தில் இன்னும் கூடும். தீபத்தைக் கோயிலுக்குள் நின்றுதான் பார்க்கவேண்டும் என்பதில்லை. மலையே லிங்கம் என்பதால் பாதையில் எங்கு நின்றாலும் தரிசனம்தான். 2024 டிசம்பர் 1 அன்று மண்சரிவில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதால் அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலையேறும் எண்ணம் இருந்தால் அந்த ஆண்டின் மாவட்ட நிர்வாக அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

வைணவர்களுக்கும் உண்டா?

உண்டு. சரஸ்வதி பிரமனின் வேள்வியைக் கெடுக்க இருளை ஏவ, திருமால் ஒளியாக நின்ற தலம் காஞ்சிபுரத்துத் தூப்புல். அங்கே அவர் பெயரே விளக்கொளிப் பெருமாள். திருமங்கையாழ்வார் பிறந்தது கார்த்திகையில் கிருத்திகை, திருப்பாணாழ்வார் பிறந்தது மறுநாள் ரோகிணி.

இலங்கையில் வேறு மாதிரி கொண்டாடுகிறார்களாமே?

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இதற்குப் பெயரே விளக்கீடுதான். படலையில், அதாவது வெளிவாசலில், வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் தேங்காய்ப் பாதியோ சிட்டியோ வைத்து விளக்கேற்றுவார்கள். தடிகளில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களை வளவின் மூலைகளிலும் கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டிலருகிலும் ஊன்றுவார்கள். முதல் நாள் குமாராலய தீபம், அடுத்து சர்வாலய தீபம்.

உண்மையிலேயே இது பழைய பண்டிகையா?

தமிழரின் விழாக்களில் இதைவிடப் பழைய சான்று உள்ளவை குறைவு. அகநானூற்றில் நக்கீரர் பாட்டு ஒன்று (141), மழை ஓய்ந்த வானில் நிலா நிறைந்து அறுமீனோடு, அதாவது கார்த்திகை மீன்கூட்டத்தோடு, சேரும் இரவில், தெருவில் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டு ஊரோடு கொண்டாடும் விழாவைச் சொல்கிறது. நாள், நட்சத்திரம், மழைக்காலத்தின் முடிவு, தெரு விளக்கு எல்லாம் இன்றைக்கு இருப்பது போலவே. விளக்கு வைக்கும் இடமாக அந்தப் பாட்டு சொல்வது 'மறுகு', அதாவது தெரு. மயிலாப்பூரில் இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணைப் பாடி எழுப்பிய சம்பந்தரும் இந்த விளக்கீட்டைக் காணாமல் போகிறாயே என்று கேட்கிறார். அந்த நாளை அவரே 'தொல் கார்த்திகை நாள்' என்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே பழையது என்று பெயர் வாங்கிய பண்டிகை.

துக்கம் நடந்த வருடத்தில் விளக்கு வைக்கலாமா?

பட்சணம் செய்வதில்லை, சீர் வாங்குவதில்லை, கோலம் பெரிதாகப் போடுவதில்லை. ஆனால் விளக்கை முழுவதும் நிறுத்துவதா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து மாறும். மாடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று வைக்கும் வீடுகள் நிறைய. பரணி தீபமே மறைந்தவர்களுக்காக என்று இருக்கும்போது அது பொருத்தமாகத்தான் படுகிறது. பக்கத்து வீட்டார் பொரி உருண்டை கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் அகல்களை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். மிச்ச எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடித்து, அடுத்த நாள் விளக்குக்கு விடலாம். கருகிய திரிகளைச் செடிக்கடியில் புதைத்துவிடலாம். அகல்களை வெந்நீரில் சீயக்காய் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால் பிசுக்கு போகும். வெயிலில் நன்றாகக் காய்ந்தபின் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டிமேல் எத்தனை என்று எழுதிவிடுங்கள். தரையில் எண்ணெய் சிந்திய இடத்தில் கோலமாவோ அரிசி மாவோ தூவி, அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். மாடிப்படியை மட்டும் அன்றிரவே துடைத்துவிடவேண்டும். காலையில் பால் வாங்க இறங்குபவர் வழுக்கி விழுவார்.